கதவைச் சாத்தாமல் காத்திருப்போம்

(திருவருகைக் காலத்தையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரைச் சிந்தனை)

  

திருவருகைக் காலம் என்றாலே காத்திருப்பின் காலம் என்று நமக்குத் தெரியும். இன்று ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நம் வீட்டில் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்? மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், பாதியில் நிற்கும் வீடு, தீராத நோய், வெளிநாட்டிலிருந்து வராத ஒரு தொலைபேசி அழைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். இவற்றையெல்லாம் கடவுளிடம் கேட்பது தவறல்ல. கேளுங்கள் என்று சொன்னவரே ஆண்டவர்தான். ஆனால் கேட்டது கேட்ட நாளில் கிடைக்காதபோது நம் வீட்டுச் செபத்துக்கு என்ன நேர்கிறது? இதைத்தான் இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் குருவாகித் திருநிலைப்படுத்தப்பட்ட சில ஆண்டுகளில் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றினேன். ஊர்த் திருவிழாவின் கடைசி நாள். ஆசீர் பெற வந்தவர்களின் வரிசையில் ஓர் இளம் தம்பதியர் நின்றார்கள். திருமணமாகி ஆறு ஆண்டுகள், குழந்தை இல்லை. அவர்கள் கண்ணீரைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வேகம் வந்தது. இருவர் தலையிலும் கை வைத்து, "அடுத்த வருடம் இதே திருவிழாவுக்குக் குழந்தையோடு வருவீர்கள்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் "ஆமென்" என்றார்கள். அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, விசுவாசத்தை ஊட்டிவிட்டோம் என்று நானும் மகிழ்ந்தேன்.

அடுத்த ஆண்டு இருவரும் வந்தார்கள். கையில் குழந்தை இல்லை. முந்தைய ஆண்டு "ஆமென்" சொன்னவர்களே, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு மனைவி மட்டும் வந்தார். கணவர் கோவிலுக்கும் வரவில்லை, அன்பியக் கூட்டத்துக்கும் வரவில்லை. எனக்கும் வேறு பங்குக்கு மாற்றலாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், போகிறோமே என்று ஒரு நிம்மதிகூட எனக்கு இருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் குடும்பத்தின் கதையைப் பிறகு தொடர்கிறேன். அதற்கு முன், நற்செய்தியில் வரும் இன்னொரு குடும்பத்தைப் பார்ப்போம்.

செக்கரியாவின் வீடு

லூக்கா நற்செய்தி ஒரு வயதான தம்பதியரோடுதான் தொடங்குகிறது. செக்கரியா, எலிசபெத்து. கணவர் அபியா வகுப்பைச் சேர்ந்த குரு. மனைவி ஆரோனின் வழிவந்தவர். இருவரும் கடவுள் முன்னிலையில் நேர்மையானவர்கள் என்று லூக்கா முதலிலேயே சாட்சி சொல்லிவிடுகிறார். பிறகுதான் அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்கிறார். இந்த வரிசையைக் கவனியுங்கள். பிள்ளை இல்லாமை பாவத்தின் தண்டனையும் அல்ல, விசுவாசக் குறைவின் அடையாளமும் அல்ல. நம் ஊர்களில் இன்றும் சிலர் வாய்கூசாமல் பேசும் பேச்சுக்கு நற்செய்தியின் முதல் பக்கத்திலேயே பதில் இருக்கிறது.

அக்காலத்தில் குருக்கள் இருபத்து நான்கு பிரிவுகளாக முறைவைத்துப் பணியாற்றினார்கள். தூபம் காட்டும் பணி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அந்த வாய்ப்பு ஒரு குருவுக்கு வாழ்நாளில் ஒருமுறையே கிடைக்கும் என்று யூத மரபு கூறுகிறது. அப்படிப்பட்ட நாளில், தூயகத்தின் உள்ளே, தூப பீடத்தின் வலப்பக்கத்தில் வானதூதர் தோன்றி, அவருடைய மன்றாட்டு கேட்கப்பட்டது என்கிறார்.

செக்கரியாவோ நம்பவில்லை. இது நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும், நானும் கிழவன், என் மனைவியும் வயதானவள் என்கிறார். விந்தையைப் பாருங்கள். தூபம் காட்டும் கை தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் உள்ளத்தில் எதிர்பார்ப்பு எப்போதோ அணைந்துவிட்டது. வழிபாடு நடக்கிறது, யாரையும் எதிர்நோக்கவில்லை. இது குருக்களாகிய எங்களுக்கும் நேரும். தினமும் செபமாலை சொல்லும் குடும்பங்களுக்கும் நேரும். வாய் சொல்லிக்கொண்டிருக்கும்; ஆண்டவர் இன்று என் வீட்டில் ஏதாவது செய்வார் என்ற நினைவு மட்டும் இருக்காது.

செக்கரியா பேச்சற்றவரானார். இதைத் தண்டனை என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். பிற்பாடு உறவினர்கள் அவரிடம் சைகை காட்டியே கேட்கிறார்கள். ஆகவே அவருக்குக் காதும் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று மறைநூல் அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். இப்போது அந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். வீட்டில் குரு இருக்கிறார். செபத்தை முன்னின்று சொல்ல வேண்டியவர் வாய்திறக்க முடியாமல் அமர்ந்திருக்கிறார். நம்பிக்கை அணைந்துபோன கணவருக்கும் சேர்த்து, எலிசபெத்துதான் அந்த வீட்டில் நம்புகிறார். ஐந்து மாதம் வெளியே வராமல் இருந்த அவர், ஆண்டவர் தமக்குச் செய்ததை எண்ணிப் பார்க்கிறார். ஆறாம் மாதத்தில் மரியா வாசலில் வந்து நிற்கும்போது, தூய ஆவியால் நிரம்பி உரத்த குரலில் வாழ்த்துகிறவரும் அவரே. செக்கரியா அதைக் கேட்டிருக்க முடியுமோ என்னவோ, அந்த வாழ்த்து அவர் வீட்டிலேதான் ஒலித்தது.

எட்டாம் நாள் குழந்தைக்குப் பெயரிட வருகிறார்கள். உறவினர்கள் தகப்பனின் பெயரையே வைக்கப் பார்க்கிறார்கள். தாய் மறுத்து, யோவான் என்கிறார். தகப்பன் எழுதுபலகை கேட்டு, அதே பெயரை எழுதுகிறார். வாய் பேசாத அந்த மாதங்களில் கணவனும் மனைவியும் ஒரே நம்பிக்கைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதன்பின்தான் அவர் நா கட்டவிழ்கிறது. அன்று அவர் பாடிய புகழ்ச்சிப் பாடலைத்தான் திருஅவை இன்றுவரை நாள்தோறும் காலைச் செபத்தில் பாடிவருகிறது. ஒருகாலத்தில் நம்ப முடியாமல் நின்றவரின் பாடல் அது.

எதிர்பார்ப்பும் எதிர்நோக்கும்

நாம் கிறிஸ்தவ வாழ்வில் எதிர்நோக்கு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். எதிர்பார்ப்பு என்ற சொல் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். எதிர்பார்ப்பில் நாம் ஒரு பொருளையோ ஒரு நாளையோ குறித்துவைத்துக்கொள்கிறோம். எதிர்நோக்கில் வருகிற ஒருவரைப் பார்த்து நிற்கிறோம். அவர் என்ன கொண்டுவருவார் என்று தெரியாது. எப்போது வருவார் என்றும் தெரியாது. ஆனால் வருவார். ஏனென்றால் அவர் ஏற்கெனவே ஒருமுறை வந்து, நம்மோடு வாழ்ந்து, நமக்காக உயிர்தந்து, உயிர்த்தெழுந்தவர். நம் எதிர்நோக்குக்கு அடித்தளம் அதுவே.

நான் அந்தத் தம்பதியருக்குக் கொடுத்தது எதிர்நோக்கை அல்ல, ஒரு தேதியை. அந்தத் தேதி பொய்த்தபோது, கடவுளே பொய்த்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிள்ளைகளிடமும் இந்தத் தவறைச் செய்கிறோம். "நல்லா செபம் பண்ணு, மார்க் வரும்" என்கிறோம். மார்க் குறைந்தால், "சேசு ஏன்மா கேட்கலை?" என்று பிள்ளை கேட்கும்போது நம்மிடம் பதில் இல்லை. "நல்லா படி, செபம் பண்ணு. என்ன வந்தாலும் ஆண்டவர் உன்னோடு இருப்பார், நாங்களும் இருப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை தோற்றுவிட்டு வரும் நாளிலும் உங்கள் பக்கத்தில் வந்து முழங்கால் போடும்.

திறந்திருந்த கதவு

அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு அடக்கத் திருப்பலிக்குப் பிறகு அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். அடையாளம் தெரிந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே சொன்னார்: "சாமி, நீங்க அன்னைக்குத் தேதி சொல்லாம இருந்திருக்கலாம்." அவ்வளவுதான். கோபமில்லாமல் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு அவர் தம் வீட்டுக் கதையைச் சொன்னார். கணவர் செபத்தை விட்டபின், இரவு செபமாலை நேரத்தில் வெளித் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வாராம். "நான் கூப்பிடல சாமி, சண்டையும் போடல. அருள் நிறைந்த மரியேல ரெண்டு பாதியையும் நானே சொல்லிக்கிட்டேன். கதவை மட்டும் சாத்தல" என்றார். ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்திருக்கிறது. ஓர் இரவு அவருக்குக் காய்ச்சல். முதல் பாதியைச் சொன்னவர், இருமல் வந்து நிறுத்திவிட்டார். மீதிப் பாதியைத் திண்ணையிலிருந்து ஒரு குரல் சொல்லி முடித்ததாம்.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதை மறைத்து இந்தக் கதையை இனிப்பாக முடிக்க எனக்கு உரிமை இல்லை. "வலி இருக்கு சாமி, அது போகாது. ஆனா இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குறோம்" என்றார் அவர். திருமணத்தின்போது இன்பத்திலும் துன்பத்திலும் என்று சொன்ன வாக்குக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த இறையியல் வகுப்பிலும் கேட்டதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருஅவை என்று அழைக்கிறது. திருஅவையில் எல்லாரும் எல்லா நாளும் ஒரே அளவு விசுவாசத்தோடு இருப்பதில்லை. ஒருவர் சோர்ந்திருக்கும்போது மற்றவர் அவருக்கும் சேர்த்து மன்றாடுகிறார். வீட்டிலும் அப்படித்தான். குடும்பமாக விசுவாசத்தில் வளர்வது என்றால், சோர்ந்துபோனவருடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல், அவர் வரும்வரை காத்துவைப்பது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, நாள்தோறும் சில நிமிடங்கள் ஒன்றாக இருங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில், குடும்பச் செபத்துக்குச் சில நிமிடங்களே போதும், வீட்டுக் கவலைகளை அங்கே ஆண்டவரிடம் சொல்லுங்கள் என்ற கருத்தைத் தருகிறார். நீண்ட செபத்தைத் தொடங்கி ஒரு வாரத்தில் விடுவதைவிட, ஐந்து நிமிடச் செபத்தை ஆண்டு முழுவதும் காப்பது நல்லது.

இரண்டாவது, செபத்துக்கு வராதவரைத் திட்டாதீர்கள். கல்லூரிக்குப் போகும் மகனோ, மனம் கசந்த கணவரோ, யாராக இருந்தாலும் சரி. அவருக்குக் கேட்கட்டும் என்று குத்திக்காட்டி மன்றாடாதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள், போதும்.

மூன்றாவது, ஆண்டவர் ஏற்கெனவே செய்ததை நினைவுகூருங்கள். செக்கரியா என்ற பெயருக்கு ஆண்டவர் நினைவுகூர்ந்தார் என்று பொருள். யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள். உங்கள் வீட்டுத் தாத்தாவையும் பாட்டியையும் பேச விடுங்கள். கஷ்டகாலத்தில் இந்தக் குடும்பத்தை ஆண்டவர் எப்படிக் கரைசேர்த்தார் என்பதைப் பேரப்பிள்ளைகள் அவர்கள் வாயால் கேட்கட்டும்.

நான்காவது, பிள்ளைகளுக்குக் காத்திருப்பைக் கண்ணால் காட்டுங்கள். 1839-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய விக்கேர்ன் என்ற லூத்தரன் போதகரிடம், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று சிறுவர்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம். அவர் ஒரு மரச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுதிரிகளும் வாரநாள்களுக்குச் சிறியவையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். இன்று நம் கோவில்களில் காணும் திருவருகைக்கால வளையம் அப்படித்தான் பரவியது. வீட்டில் ஒரு தட்டும் நான்கு மெழுகுதிரிகளும் போதும். கடைசிப் பிள்ளை கையால் ஏற்றச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, டிசம்பர் 19-ஆம் நாள் திருப்பலியில் செக்கரியாவுக்கு வந்த அறிவிப்பை வாசிக்கிறோம். 23-ஆம் நாள் யோவானின் பிறப்பு. 24-ஆம் நாள் காலையில் செக்கரியாவின் பாடல். லூக்கா முதல் அதிகாரம் ஏறத்தாழ முழுவதும் அந்த ஆறு நாள்களில் வாசிக்கப்படுகிறது. வேலை முடிந்து வந்து, இரவில் அதே பகுதியை வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். குடில் கட்டுவதோடும் பலகாரம் சுடுவதோடும் இதுவும் நடக்கட்டும்.

அன்பிற்கினியவர்களே, இந்தச் சிந்தனையைக் கேட்கும் உங்களில் சிலர் இப்போது வீட்டில் தனியாகவே இரண்டு பாதியையும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் செபம் வீணாகவில்லை. வேறு சிலர் திண்ணையில் படுத்திருப்பீர்கள். உங்கள் மௌனத்திலும் ஆண்டவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்; செக்கரியாவைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.

மன்றாடுவோம். ஆண்டவரே, எங்கள் இல்லங்களுக்கு வாரும். நாங்கள் கேட்பதைத் தந்தாலும், தர வேறு காலம் குறித்தாலும், தராமலே எங்களோடு இருந்தாலும், உம்மையே எதிர்நோக்கி நிற்க எங்களுக்குக் கற்றுத் தாரும். சோர்ந்தவரைச் சுமக்கத் தெம்பும், சுமப்பவரை நினைக்க நன்றியும் தாரும். எங்கள் கதவுகள் உமக்கும் ஒருவருக்கொருவரும் திறந்தே இருக்கட்டும். ஆமென்.