தெளிந்த தண்ணீர் எல்லாம் குடிதண்ணீரா?



மேட்டூர் திறந்து காவிரியில் புதுத் தண்ணீர் வரும்போது வண்டலோடு கலங்கி வரும். வயலுக்கு அது உரம், வயிற்றுக்கு ஆகாது. ஒரு கிராமத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "தேத்தாங்கொட்டை இழைச்சு ஊத்திட்டேன் தம்பி, தண்ணி கண்ணாடியாட்டம் தெளிஞ்சிடுச்சு. இன்னும் எதுக்குக் காய்ச்சணும்?" நியாயமான கேள்விதான்.

தண்ணீரில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று: கலங்கல், கிருமி, கரைந்த உப்பு. களைக்கொல்லி அடித்தால் குருத்துப்பூச்சி சாகுமா? அதுபோல ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேலைதான் உண்டு.

முதலில் தேத்தாங்கொட்டையும் படிகாரமும். மிதக்கும் மண் துகள்களை ஒன்றாகத் திரட்டி அடியில் படிய வைக்கும். கிருமியில் ஒரு பகுதியும் கூடவே படியும். மீதி, தெளிந்த நீரிலேயே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

அடுத்தது துணி. பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாக்கி வடிகட்டிய வங்கதேசக் கிராமங்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகளின் மேல் ஒட்டியிருக்கும். துணி அந்தப் பூச்சியைப் பிடிக்கிறது. துவைத்துத் துவைத்து இழை நெருங்கிய பழைய துணிதான் இதற்கு நல்லது. ஆனால் தனியாக மிதக்கும் கிருமி துணியைத் தாண்டிவிடும்.

மூன்றாவது மணல். கோடையில் ஆற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்தோமே, அதே தத்துவம்தான். 2 முதல் 3 அடி மணல் வழியே தண்ணீரை மெதுவாக இறக்கினால், மேலே வழவழப்பான ஓர் உயிர்ப்படலம் பிடிக்கும். கிருமியைப் பெரும்பாலும் அழிப்பது அதுதான். அது உருவாக ஓரிரு வாரம் ஆகும். அழுக்கு என்று அடிக்கடி சுரண்டாதீர்கள். நாற்றங்காலைப் போல, காயவும் விடாதீர்கள். 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. காலராவில் 8,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே ஆற்றில் கீழே இருந்த அல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த நீரையே எடுத்தும், மணலில் வடிகட்டியதால் பெருமளவு தப்பியது.

நாலாவது, வீட்டு ஃபில்டரில் உள்ள பீங்கான் மெழுகுவத்தி. நுண்ணிய துளைகளால் பெரும்பாலான பாக்டீரியாக்களைப் பிடிக்கும். மஞ்சள் காமாலை தரும் வைரஸ் அதைவிடச் சிறியது, நழுவிவிடும். மெழுகுவத்தியில் கீறல் விழுந்தால் மாற்றிவிடுங்கள்.

வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதியினருக்கு ஒரு வார்த்தை. இந்த நான்கு முறையிலும் உப்பு போகாது. காய்ச்சினால் உப்பு இன்னும் கூடும். அங்கே நல்ல நீர் வேறு இடத்திலிருந்து வர வேண்டும், அல்லது உப்பை நீக்கும் இயந்திரம் வேண்டும்.

ஆகவே அந்த அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தெளிய வையுங்கள், வடிகட்டுங்கள், அதன்பின் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். ஆறியதும் மூடி வைத்து, கைபடாமல் நீண்ட காம்புள்ள கரண்டியால் மொண்டு கொடுங்கள். தெளிவைக் கண் பார்க்கும். கிருமியைக் கண் பார்க்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்க வேண்டாம்.