தனியாளுக்கு ஒரு சீட்

தம்புள்ளையில் தங்குகிறவர்களின் நாள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டது போல் இருக்கும். காலையில் குகை விகாரை, மாலையில் சிகிரியா, மறுநாள் கண்டிக்கோ அனுராதபுரத்துக்கோ வாடகை வான். கடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் கொழும்பிலிருந்து குருநாகல் வழியாக வரும் 49ஆம் இலக்க பஸ் இந்த ஊரைத் தொட்டுத்தான் திருகோணமலைக்குப் போகிறது. நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பொருளாதார மத்திய நிலையத்தின் முன் மரக்கறி லொறிகள் நெருக்கியடித்து நிற்கும் விடியற்காலையில் ஏறினால் வெயில் உறைக்குமுன் துறைமுகத்தைப் பார்த்துவிடலாம்.

தனியே போகிறவருக்கு இந்த நாட்டில் பஸ்ஸைப் போல மரியாதை தருவது வேறொன்றில்லை. ஹோட்டல் அறை இருவருக்கென்று விலை சொல்கிறது. வான்காரர் "எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டு முகம் சுருங்குகிறார். கொண்டக்டர் மட்டும் எதையும் கேட்பதில்லை. ஓராளுக்கு ஒரு டிக்கெட். பை மடியில் இருக்க வேண்டும்.

ஹபரணைச் சந்தி கழிந்ததும் இருமருங்கும் காடு. பிறகு கந்தளாய். இந்தக் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்கிறது தமிழ் மரபு. இரண்டாம் அக்கபோதி என்கிறது சிங்கள வரலாறு. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இதன் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெள்ளம் கொண்டுபோனது. இன்று நீரும் வயலும் அமைதியாகக் கிடக்கின்றன. அங்கிருந்து தம்பலகாமம் வரை ஊர்களுக்கு இன்னும் '96ஆம் கட்டை', '99ஆம் கட்டை' என்றே பெயர். வெள்ளைக்காரன் நட்ட மைல்கற்கள்தான் ஊராகிவிட்டன. அந்தக் கட்டைகளைச் சொல்லி இறங்குகிறவர்களின் கையில் தம்புள்ளைக் கத்தரிக்காய் மூட்டை இருக்கிறது. திரும்பும் பஸ்ஸில் கடல் மீன் இருக்கும்.

திருமலை என்று சுருக்கிச் சொல்லப்படும் திருகோணமலையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது இரண்டு: கோணேஸ்வரம் கோயில், இயற்கைத் துறைமுகம். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே கோட்டைக்குள் போகலாம். போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை அது. வாசலிலேயே மான்கள் திரிகின்றன. சுவாமி மலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் கால் கூசும். இதை எழுதாதவர்கள் இல்லை, நான் விட்டுவிடுகிறேன்.

துறைமுகம் வேறு கதை. இவ்வளவு ஆழமும் அடக்கமும் உள்ள இயற்கைத் துறைமுகங்கள் உலகில் சிலவே உண்டு. ஆனால் வியாபாரக் கப்பல்கள் போனது கொழும்புக்கு. தோட்டங்களிலிருந்து வரும் ரயில் அங்கே முடிந்ததால், பிரித்தானியர் 1885இல் அலைதடுப்புச் சுவரைக் கட்டி முடித்துக் கொழும்பில் ஒரு செயற்கைத் துறைமுகத்தை உண்டாக்கினார்கள். திருமலைக்கு மிஞ்சியது போர்க்கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் அதற்காகத்தான். பிரித்தானியக் கடற்படை 1957இல் போனது. இலங்கைக் கடற்படை இருக்கிறது. ஆகவே நகரத்தைச் சுற்றித் தண்ணீர் இருந்தும், வந்தவன் கால் வைக்கக்கூடிய கரை கொஞ்சம்தான்.

படகில் போக ஆசைப்பட்டால் எல்லோரும் நிலாவெளியைக் காட்டுவார்கள். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. முருகைக்கற்கள் அழகுதான். ஆனால் அங்கே கூலி ஆளுக்கல்ல, படகுக்கு. நான்கு பேர் போனாலும் ஒருவர் போனாலும் ஒரே காசு. தனியாள் கரையில் நின்று, முகம் தெரியாத குடும்பம் ஒன்றிடம் "நானும் சேர்ந்துகொள்ளலாமா?" என்று கேட்க வேண்டும். தேனிலவுக்கு வந்தவர்களிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நிலாவெளியை விட்டு, குடாவின் மறுகரையிலுள்ள மூதூருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

நாளின் மிச்சத்தை அந்த பஸ்தான் எனக்குக் கொடுத்தது. சீனக்குடாவைத் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது வலமும் இடமும் தண்ணீர். 396 மீற்றர் நீளம். சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டி, 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன் இங்கே 'பாதை' ஓடியது. மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மிதந்துபோகும் தட்டையான மேடைக்குக் கிழக்கில் அதுதான் பெயர். கிண்ணியாவுக்கு அப்பால் உப்பாறு, மகாவலி கங்கை, இறால்குழி என்று துறைகள் தொடர்ந்தன. 2011க்குள் அவற்றுக்கும் பாலம் வந்தது. மூதூரார் அதற்குமுன் நம்பியிருந்தது, கொட்டியார் குடாவை நேரே குறுக்கறுத்துத் திருமலைக்குப் போகும் லோஞ்சை.

பக்கத்து சீட்டில் மூதூர்ப் பெரியவர் ஒருவர். லோஞ்சைப் பற்றிக் கேட்டதும் கண் சிறுத்துச் சிரித்தார்.

"அந்தக் காலத்துல ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டாலும் முதல்ல கடலத்தான் பாக்கோணும், தம்பி. வாடை நேரமெண்டா கடல் விடாது. புள்ளத்தாச்சி எண்டாலும் விடாது."

"இப்ப பாலம் நல்லம்தானே, காக்கா?"

"நல்லம்தான். ஆனா லோஞ்சுல போனா முழு ஊரையும் கண்டு கதைச்சிட்டு வரலாம். இஞ்ச எல்லாரும் போனத்தான் பாக்கிறாங்க."

அவர் ஏக்கத்தை நான் பெரிதாக்க மாட்டேன். பாதை போய்ப் பாலம் வந்ததில் இழந்ததைவிடக் கிடைத்ததே அதிகம். அதற்குச் சாட்சி கிண்ணியாவிலேயே இருக்கிறது. குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழையதை அகற்றினார்கள். வேலை இழுபட்டது. இடையில் மக்களைக் கடத்த மிதப்புப் பாதை ஒன்று ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. சிறுவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். எண்ணிக்கை பின்னர் கூடியது. மாற்று வழியைச் சரியாகச் செய்யாமல் பாலத்தைப் பிரித்ததன் விலை அது. பழைய படகுக் காலத்தை அழகுபடுத்தி எழுதுகிறவர்கள் அந்தக் கரையில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

மூதூரில் இறங்கிப் பிளேன்ரி ஒன்று குடித்துவிட்டுக் குடாவைப் பார்த்தேன். 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று திருத்த வேலைக்காக ஒதுங்கியது இந்தத் தண்ணீரில்தான். கரையிறங்கியவர்களை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். கப்பல் தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸ் 1679இல்தான் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சேர்ந்தார். 1681இல் இலங்கையைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. எனக்கு அவ்வளவு அவகாசமில்லை, மாலை பஸ் இருந்தது.

எதிர்க்கரையில் திருமலை தெரிகிறது. நேரே போனால் கிட்ட, சாலையால் சுற்றிப் போனால் தூரம். கேரளத்தில் கொச்சி இதே நிலைமையில் 2023 ஏப்ரலில் 'வாட்டர் மெட்ரோ'வைத் தொடங்கியது. மின்கலத்தில் ஓடும் படகு, நேர அட்டவணை, ஆளுக்கு ஒரு டிக்கெட். தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 20 இந்திய ரூபாய். தீவுக்காரரும் ஏறலாம், ஊர் பார்க்க வந்த தனியாளும் ஏறலாம். திருமலை இறங்குதுறை, கிண்ணியா, மூதூர் என்று மூன்றே தரிப்பிடம் போட்டு, கொழும்பு பஸ் வந்து சேரும் நேரத்தோடு பொருத்தி ஒரு படகு விட்டால் போதும். தம்புள்ளையில் தங்குகிறவர் ஒரே நாளில் கடலையும் கடந்துவிட்டுத் திரும்பலாம், மூதூர்ப் பிள்ளைகளும் திருமலைக்கு டியூஷனுக்குப் போய் வரலாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அதை நிறுத்திவைக்க வேண்டிவரும். அப்போதைக்குத்தான் பாலங்கள் இருக்கின்றனவே.