சிறுபொருளில் ஓர் அறை சேர்த்தல்

வீட்டைக் கட்டிப் பார் என்னும் பழமொழியை அறியாதார் நம் நாட்டில் இலர். ஆயினும் அது புதுமனை எடுப்பாரை நோக்கி எழுந்தது. இருக்கும் வீட்டோடு ஓர் அறை சேர்ப்பாரைக் குறித்து அது யாதும் கூறிற்றில்லை. சிறு வேலைதானே என்று முன்னோர் விட்டனர் போலும். நடுத்தரக் குடும்பத்தார் பலர் தம் வாழ்நாளில் முழுவீடு ஒன்று எடுத்தலைக் காணார். மகன் மணமோ, மூத்தோர் முதுமையோ, பிள்ளைகளின் கல்வியோ காரணமாக ஓரறை எடுத்தலையே காண்பர். அவ்வமயத்துக் கைப்பொருள் குறைவாகவும் தேவை பெரிதாகவும் இருத்தல் இயல்பு. அக்குறைந்த பொருளைக் கொண்டு அறையைத் திட்டமிடுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பெயரொன்று வேண்டும். ஒட்டிக் கட்டுவதால் ஒட்டறை எனலாமெனின், அது சிலந்திவலையாய் முடியும். ஆதலின் சேர்ப்பறை என்றே வழங்குவாம். இச்சேர்ப்பறையைச் சிறியதொரு வீடு எனக் கருதுவாரே மிகுதியும் இடர்ப்படுகின்றனர். புதுவீடு தன் நிலத்தில் தானே நிற்பது. சேர்ப்பறையோ முன்னரே நின்று வளர்ந்த ஓருடலோடு கூடுவது. மாமரத்தில் ஒட்டுப்போடும் தோட்டக்காரன் இலையையும் கிளையையும் பாராட்டாது ஒட்டுவாயையே காத்துக்கொண்டிருப்பான். கட்டடத்திற்கும் அஃதே முறை. பழையதும் புதியதும் சந்திக்கும் ஒட்டுவாயிலேதான் சுவர் வெடிக்கும், மழைநீர் கசியும், வெளிச்சம் மறையும். எண்ணாத செலவெல்லாம் வந்து குவிவதும் அங்கேயே. ஆதலின் ஒட்டுவாய் எத்துணைச் சிறிதோ அத்துணை நலம் என்பதே யான் ஈண்டு நிறுவப் புகுவது.

பொதுவாய்ப் பேசுதலினும் ஒரு வீட்டைக் கொண்டு பேசுதல் விளக்கந்தரும். பாளையங்கோட்டையில் எம் இல்லம் ஓட்டு வீடு. செங்கல்லைக் களிமண் சாந்திலே வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய பழஞ்சுவர். பாட்டியார் சென்ற ஆண்டு வழுக்கி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது நடைச்சட்டத்தின் துணைகொண்டு சில அடிகள் நடப்பார்; தொலைவு செல்லச் சக்கர நாற்காலியே வேண்டும். கழிப்பிடமோ புறக்கடையின் கோடியில் உள்ளது. இரவில் அவரை அங்குக் கொண்டுசெல்ல இருவர் வேண்டியிருத்தலின், தண்ணீர் பருகுதலையே அவர் குறைத்துக்கொண்டார். இதற்கு மேலும் காலந்தாழ்த்தலாகாது என்பது வீட்டார் துணிபு. தங்கையின் படிப்பிற்கென வைத்த தொகையைத் தொடலாகாது என்பதும் அவர் துணிபே. ஆகவே கட்ட வேண்டியது கழிப்பிடத்தோடு கூடிய ஓரறை. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அறை எத்துணைப் பெரிதாக வேண்டும்? கட்டில் ஆறரை அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் கொள்ளும். சக்கர நாற்காலி முழுதும் திரும்புதற்கு ஐந்தடிக் குறுக்களவுள்ள வட்டம் வேண்டும். ஓர் அலமாரியும் துணையிருப்பார்க்கு ஒரு பாயும் சேர்த்து நோக்கின் 12 அடிக்கு 10 அடி போதும். இதனைத் தாளில் வரைந்து அமைதியுறுதல் கூடாது. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக்கு மனைவகுக்கும் முறையைக் கூறுகின்றார். நட்ட கோல்களின் நிழலால் நண்பகல் அறிந்து நூல்வல்லார் நுட்பமாகக் கயிறிட்டுத் திசைகொண்டனர் என்பது அது. வேந்தர்க்கே கயிறு முந்திற்றாயின் நமக்குச் சொல்லவேண்டா. புறக்கடையில் சுண்ணப்பொடியாற் கோடிட்டு, அதனுள் கட்டிலை இட்டு, நாற்காலியை ஒருவர் உருட்டிப் பார்த்தல் வேண்டும். கதவு மூன்றடி அகலம் வேண்டும் என்பதும், கட்டிலின் தலைமாடு எப்பக்கம் என்பதும் அப்பொழுதே தெளிவாகும். சுண்ணக்கோட்டை அழித்தெழுதச் செலவில்லை. எழுந்த சுவரில் சாளரத்தை இடம்பெயர்க்க இரட்டைக் கூலி.

ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு இத்துணை ரூபாய் என விலை கூறுவர். முழுவீட்டிற்குக் கூறும் விலையிற் சிற்றறை முடியாது. இதற்குக் காரணம் எளிய கணிதமே. 12 அடிக்கு 10 அடி அறையின் பரப்பு 120 சதுர அடி, சுற்றளவு 44 அடி. 24 அடிக்கு 20 அடியாயின் பரப்பு நான்கு மடங்காகிய 480; சுற்றளவோ இருமடங்காகிய 88 அடிதான். சிறிய இடத்தைச் சூழச் சுவர் மிகுதியும் வேண்டப்படுகின்றது. அதே 120 சதுர அடியை 20 அடிக்கு 6 அடியென நீட்டின் சுற்றளவு 52 அடியாகும். எனவே மூலைமுடக்கின்றிச் சதுரத்தை அடுத்து நிற்கும் வடிவமே சிக்கனம்.

இனிப் பெரும்பாலார் கொள்ளும் வழி, பழைய வீட்டின் பின்சுவரையே புதிய அறைக்கு நான்காஞ்சுவராகக் கொள்ளுதல். கணக்கும் அதற்கே துணைசெய்வது போல் தோன்றும். ஒன்பதங்குலச் சுவர், பத்தடி உயரம் எனக் கொள்ளின், மூன்று சுவர்க்கு 33½ அடி நீளம். நாலடிச் சதுரச் சாளரம் இரண்டு கழித்தால் 227 கன அடி. சாந்தோடு சேர்த்துக் கன அடிக்கு 14 செங்கல் ஆதலின், தரைக்கு மேல் ஏறத்தாழ 3,200 செங்கல். நான்காஞ்சுவரும் எழுப்பின், வாயில் கழித்து 1,200 செங்கல் மிகும். இம்மிச்சத்தை யார்தான் வேண்டாவென்பார்?

வேண்டாவென்றே யான் கூறுவேன். களிமண் சாந்தாற் கட்டிய சுவர் தன் ஓட்டுக்கூரையைத் தாங்கப் பழகியது; காங்கிரீட்டுத் தளத்தின் சுமையை அதன்மேல் ஏற்றுதல் தகாது. அஃதன்றியும், பழைய கடைக்காலின் கீழுள்ள மண் பல்லாண்டுச் சுமையால் அமுங்கி நிலைபெற்றது. புதிய கடைக்காலின் மண் இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் பற்களாகப் பிணைத்துக் கட்டின், ஒன்று நிற்க மற்றொன்று இறங்கி, இணைப்பிலே மேலிருந்து கீழ்வரை வெடிப்புக் காணும். மழையில் ஊதி வெயிலிற் சுருங்கும் கோவிற்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இது மேலும் கொடிது. (கடைக்காலுக்குப் பள்ளம் அகழ்தலைக் கொத்தனார் வானம் தோண்டுதல் என்பர். மண்ணுக்குள் இறங்கும் பள்ளத்திற்கு வானமென்று பெயரிட்டவர் யாரோ!)

ஆக, நான்காஞ்சுவர் எவ்வாற்றானும் வேண்டும். வேண்டுமாயின் அதனைப் பழஞ்சுவரோடு ஒட்டிவைப்பானேன்? நான்கடி விலக்கி எழுப்பி, வாயில் உள்ள இடத்தில் மட்டும் நான்கடி அகலத்தில் ஓர் இடைகழி அமைத்தல் நன்று. ஒட்டுவாய் பன்னிரண்டடியினின்று நான்கடியாய்ச் சுருங்கிவிட்டது. எஞ்சிய இடம் சிறு முற்றமாகும். பழைய நடு அறையின் சாளரம் முன்போலவே வானத்தை நோக்கும். ஓட்டின் இறவாரத்து நீர் புதிய தளத்தின்மேல் வீழாது முற்றத்தில் வீழ்ந்து வடிகாலிற் செல்லும். இடைகழிக்குக் கனத்த தளம் வேண்டா. இறவாரத்தின் கீழே செருகிய சிறு ஓட்டுச்சாய்ப்பு அமையும், அதிற் கண்ணாடி ஓடு இரண்டு பதித்தால் பகலில் விளக்கு வேண்டா. 1,200 செங்கல்லுக்கு இத்துணைப் பயன் கிட்டுமாயின் அது வீண் செலவன்று. பழைய வீடு தூண்களும் உத்தரங்களும் கொண்ட காங்கிரீட்டுக் கட்டடமாயின் இம்முடிபு வேறுபடலாம். ஒருமுறை பொறியாளர்க்குக் கொடுக்கும் கட்டணம் அங்கே பயன்படும். புறக்கடை குறுகியதாயினும் இடையூறே. ஏனெனில் மனையெல்லையில் விடவேண்டிய வெளியிடத்தை 2019-ஆம் ஆண்டு வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பெற்ற பின்னரே கயிற்றைக் கையில் எடுத்தல் வேண்டும்.

தரைமட்டம் எனக்கு நெடிய சிந்தனை தந்தது. எம் தெருவில் சாலையை ஒவ்வொரு முறை செப்பனிடுங்காலும் பழையதைச் சுரண்டாது மேலே தாரிட்டுச் சென்றமையின், மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளில் இன்று ஒரு படியே எஞ்சியுள்ளது. புதிய அறையையேனும் ஒன்றரையடி உயர்த்துக என்பார் பலர். அவர் கூற்றிலும் பொருள் உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒருநாட் பொழுதிற் காயல்பட்டினத்தில் 94 சென்டிமீட்டர்க்கு மேல் மழை கொட்டியதையும், அந்நாளிற் பொருநை பெருகியதையும் நெல்லைச் சீமையார் மறவார். ஆயின் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஓரங்குல உயரத்திற்குப் பன்னிரண்டங்குல நீளம் வேண்டும். ஒன்றரையடிக்குப் பதினெட்டடி! அறையின் நீளமே பன்னிரண்டடி. யாருக்காக அறை எடுக்கின்றோமோ அவரே நுழைய இயலாத உயரம் என்ன பயன்? பழைய தரையும் இடைகழியும் புதிய தரையும் ஒரே மட்டமாய், வாயிற்படி இன்றி அமைதலே தக்கது. வெள்ளத்திற்குச் செய்யத்தக்கன வேறு உள: முற்றத்து வடிகாலை ஆழமாக்குதல், சுவரின் அடியில் ஈரத்தடைப் பூச்சிடுதல், மின்செருகிகளை மூன்றடிக்கு மேல் வைத்தல்.

கழிப்பிடத்தின் இடம் தரைமட்டத்தோடு தொடர்புடையது. நாலங்குலக் கழிவுக்குழாய் நாற்பதடிக்கு ஓரடி வீதம் தாழ்தல் வேண்டும். கழிவுநீர்த் தொட்டி இருபதடிக்குள் இருப்பின் அரையடிச் சரிவோடு முடியும். தொலைவிலிருப்பின் குழாய் ஆழ்ந்து ஆழ்ந்து சென்று தொட்டியின் வாய்க்கும் கீழாகிவிடும். ஆகவே தொட்டியை நோக்கியே அறையின் திசையை வகுத்தல் அறிவுடைமை.

செங்கற்செலவைக் குறைக்க மற்றொரு வழி உண்டு. பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, தொழுநோயாளர் தொண்டிற்காக 1945-இல் இந்தியா போந்து, பின் திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் எலிப்பொறிக் கட்டு என்னும் முறையைப் பரப்பினார். செங்கல்லைக் கிடையாக வையாது பக்கவாட்டில் நிமிர்த்தி, இரு வரிசைக்கு இடையே வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும், சாந்தும் குறையும், இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுத்தலின் கோடையிற் பாளையங்கோட்டையார்க்கு உகந்தது. எனினும் கை பழகாத கொத்தனார் இதனை எடுப்பின் மிச்சமான செங்கல் கூலியாய்க் கரையும். முற்றத்தின் கைப்பிடிச் சுவரை முதலில் அம்முறையிற் கட்டச் செய்து, அவர் கை எங்ஙனம் ஓடுகின்றதெனக் கண்ட பின் அறைக்குத் துணியலாம்.

பின்னொருநாள் மாடி எழுப்பலாம் எனத் தூண்களின் கம்பிகளை மேலே நீட்டி விடுதல் நம்மூர் வழக்கு. ஐந்தாண்டிற்குள் மாடி உறுதியெனின் ஆழ்ந்த கடைக்காலும் தூணும் இடுக. அன்றேல் அவை மண்ணில் புதைத்த பணமே; கம்பிகளோ துருவேறி நிற்கும். எம் அறைக்கு மாடி வேண்டா என முடிவு செய்தமையாற் சுவர்மேல் தளம் ஐந்தங்குலத்தில் அமைகின்றது. அம்முடிபு ஒன்றே பாட்டியாரின் கழிப்பிடத்திற்கு வேண்டிய பொருளைத் தந்தது.

கையிலுள்ள தொகை முழுதுக்கும் திட்டமிடுதல் ஆகாது. விளைவில் தசமபாகம் ஒதுக்குமாப்போல, பத்தில் ஒரு பங்கையேனும் முதலிலேயே பிரித்து வைத்தல் வேண்டும். பழஞ்சுவரில் வாயில் திறக்குங்கால் உள்ளே கரையான் அரித்த நிலையோ உளுத்த உத்தரமோ வெளிப்படும். பின்னர்ச் செய்யத்தக்கவற்றையும் இப்போதே குறித்துக்கொள்க. வண்ணப்பூச்சு, அலமாரிக் கதவு, மெருகுத்தரை முதலியன அடுத்த ஆண்டு வரை பொறுக்கும். ஈரத்தடையும், சாளரத்தின்மேல் நிழற்பலகையும், தளத்தின் நீரோட்டச் சரிவும், பூச்சுக்கு முன் பதிக்கும் மின்குழாயும் பொறுக்கமாட்டா. கொத்தனார்க்குக் கூலியை நாட்கணக்கில் முன்பணமாய்க் கொடாது, கடைக்கால், சாளர மட்டம், தளம், பூச்சு என வேலை முடிந்த அளவிற்கேற்பக் கொடுத்தலை எழுதிக்கொள்ளுதல் இருதிறத்தார்க்கும் நன்று.

வேலையைத் தைமாதத்திற் தொடங்கின் ஐப்பசி மழைக்கு முன் கூரை நிற்கும். காங்கிரீட்டுத் தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர்நிறுத்துதல் பத்து நாட்களேனும் நிகழ்தல் வேண்டும். இதிற் செய்யும் மிச்சம் மிச்சமாகாது. இறுதியில் இடைகழி பழஞ்சுவரைத் தொடும் இடத்திற் சிமெண்டுச் சாந்தால் இறுக்கிப் பூசிவிடாது, அரையங்குலச் சந்து விட்டு, நெகிழுந்தன்மையுள்ள அடைப்புப் பசையால் நிரப்பி, மேலே மரப்பட்டிகை ஒன்று வைத்து மூடுக. அப்பட்டிகையை ஒருபுறம் மட்டும் ஆணியடித்தல் வேண்டும். இருபுறமும் அடித்துவிடின், புதுச்சுவர் இறங்குந்தோறும் பலகை பிளந்து, நீர் உட்புகுதற்கு அதுவே வழியாகும்.