கூடவே வரும் தொழில்

இடம்பெயர்ந்தபோது நாம் நிலத்தை விட்டு வந்தோம். கைத்தொழில் கூடவே வந்தது. பிள்ளைகளுக்கும் அப்படியொரு தொழில் வேண்டும்.

2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு ஆரம்பமானது. அதிலுள்ள உயிர்முறைமைகள் தொழினுட்பவியலைக் கற்று மேலே படிக்கும் பிள்ளை, ஆய்வுகூடப் பயிற்சிக் காலத்தைத் தவறவிடலாகாது. ஏன்?

வாழை இழைய வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். வாழைக்குட்டியின் குருத்து நுனியை வெட்டி, போசணைக் கூழ் இட்ட போத்தலில் வளர்த்து, ஒன்றிலிருந்து பல கன்றுகளைப் பெறுவார்கள். அக்கூழை 121 பாகை செல்சியஸ் அமுக்க நீராவியில் ஏறத்தாழ 15 நிமிடம் வைத்துக் கிருமிநீக்க வேண்டும். கத்தியில் ஒரு பூஞ்சண வித்தி ஒட்டியிருந்தாலும் போத்தல் பழுதாகிவிடும். வேர்விட்ட கன்றை உடனே தோட்டத்தில் நட்டால் வாடும். சில வாரங்கள் நிழலில், ஈரப்பதத்தில் பழக்கவேண்டும்.

புத்தகம் இதைச் சொல்லும்; கை பழகுவது பயிற்சியில்தான். சரியாக அளத்தல், திகதியிட்டுக் குறித்தல், பழுதான போத்தலை மறைக்காது சொல்லுதல் ஆகியவையே அங்கு கற்கவேண்டியவை. நாற்றுமேடை காத்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கவனம் புதிதல்ல.

பயிற்சி முடிவில், செய்த வேலைகளின் பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையொப்பத்தைப் பெற்றுக்கொள்ளும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.