கூரைமேல் கூடாரம் – 9: படிகாரம் குடித்த துணி

ஏணியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஏணி தயாராகத்தான் இருக்கிறது, மாடிப்படிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமையிலிருந்து என் மனசு துணியிலேயே கிடக்கிறது. நாளைக் காலை கட்டுரை போய்ச் சேர வேண்டும். மொட்டைமாடிக் கொடியில் பதினான்கு சதுர மீட்டர் கித்தான் காய்ந்துகொண்டிருக்கிறது. அதைத் தாண்டி ஏணிக்குப் போக என்னால் ஆகவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. பழைய பொலேரோவின் கூரையில் இருவர் படுக்க ஒரு மடிப்புக் கூடாரம், முழுக்க வீட்டிலேயே செய்வது. தளம், சட்டம், மெத்தை, துணி எல்லாம் சேர்ந்து ஐம்பது கிலோவைத் தாண்டக் கூடாது. ஏன் என்பது ஐந்தாம் வாரத்தில் இருக்கிறது.

சட்டம் முடிந்த கையோடு, சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் பாகாலா பக்கம், தெரிந்தவர் மாந்தோப்பில் வண்டியை நிறுத்தி ஓர் இரவு படுத்துப் பார்த்தோம். நானும் தம்பி மகனும். காட்டுக்குள் போகவில்லை. சேஷாசலம் பக்கம் அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது, தங்க ஆசைப்படவும் கூடாது. 2023-ல் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை வந்த பிறகு, மலையேறும் பக்தர்கள் கையில் தேவஸ்தானம் தடி கொடுத்து அனுப்பியது நினைவிருக்கும். தோப்பே போதும் என்று இருந்துவிட்டோம்.

துணி இன்னும் வாங்காததால் சட்டத்தின் மேல் நீல பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தோம். ஐப்பசி மழை. பத்து மணிக்குப் பிடித்தது இரண்டு மணிவரை விடவில்லை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நிம்மதியாகத் தூங்கிப்போனேன். மூன்று மணி வாக்கில் பையன் தோளைத் தட்டினான்.

“பெரியப்பா, ஒழுகுது.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் ஓட்டை இல்லை. ஆனால் பாயின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். விரலால் தொட்டதும் நாலைந்து முத்து சேர்ந்து கோடாக வழிந்து தலையணையில் இறங்கியது. போர்வையின் ஓரம் பிழியலாம் போல இருந்தது. வெளியே மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அது மழைத் தண்ணீர் இல்லை, எங்கள் மூச்சு. மூச்சு வழியாகவும் நமக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் ஒரு மனிதன் ஒரு நாளைக்குச் சுமார் 800 மில்லி தண்ணீரை ஆவியாக விடுகிறான். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட அரை லிட்டர். மழையில் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் அது படிந்து, போக வழியில்லாமல் திரும்ப எங்கள் மேலேயே விழுந்தது. மழையை நூறு சதவீதம் தடுக்கும் பிளாஸ்டிக், உள்ளே இருப்பவனின் மூச்சையும் நூறு சதவீதம் தடுக்கிறது. எட்டு வாரமாக இரும்பா அலுமினியமா என்றே பேசிக்கொண்டிருந்த எனக்கு, கூடாரம் என்பது முதலில் துணி என்று அந்த ராத்திரிதான் உறைத்தது.

மறுநாள் சித்தூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒரு பெரியவரிடம் போய் நின்றேன். தரையில் ஒரு முழு லாரிப் படுதாவை விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து ஓரத்துக்குக் கண் அடித்துக்கொண்டிருந்தார். பித்தளை வளையத்தை வைத்து, உளியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“பிளாஸ்டிக் சரக்குக்கு தம்பி. வெல்ல மூட்டை மூச்சு விடாது. நீங்க விடுவீங்க. பருத்திக் கித்தான் வாங்குங்க.”

“ஊசி ஓட்டை வழியா ஒழுகாதாங்க?”

“முதல் தடவை ஒழுகும். அதுக்குத்தான் தைச்சதும் ஒரு தரம் நல்லா நனைச்சுக் காய வைக்கணும். பருத்தி நூல் தண்ணி குடிச்சா உப்பும். ஓட்டையை அதுவே அடைச்சிக்கும். நைலான் நூல்ல தைச்சா கடைசிவரைக்கும் ஒழுகும்.”

கடைசியில் ஒன்று சொன்னார், அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்: “முதல்ல நனை, அப்புறம் அள, அப்புறம்தான் வெட்டு.” பத்து அவுன்ஸ் கித்தான் வாங்கி வந்து அப்படியே செய்தேன். ஏழடித் துண்டு ஒரு நனைப்பில் நாலு அங்குலம் சுருங்கியது. நனைக்காமல் வெட்டியிருந்தால் கூடாரம் முதல் மழையிலேயே சட்டத்தை விட்டு எழும்பி நின்றிருக்கும்.

தார்ப்பாய் என்ற சொல்லையும் இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. ஆங்கிலத்தில் டார்பாலின். டார் என்றால் தார், பால் என்றால் மூடுதுணி. பாய்மரக் கப்பல் காலத்தில் கித்தானில் தார் பூசி மழைக்குப் போர்த்தினார்கள். அதையே உடுத்தியதால் மாலுமிக்கே டார் என்று பேர் வந்தது. அந்தச் சொல் நம் துறைமுகங்களில் இறங்கியதும் நம்மவர்கள் அதைத் தார்ப்பாய் ஆக்கினார்கள். தமிழில் பாய் என்றால் படுக்கும் பாயும்தான், கப்பலின் பாயும்தான். வந்த சொல் கப்பலிலிருந்து வந்தது, ஏற்ற சொல்லும் கப்பல் பாயையே வைத்துக்கொண்டது. இவ்வளவு கச்சிதமாக ஒரு சொல் ஊர் மாறி நான் பார்த்ததில்லை.

சரி, பருத்தி உப்பி ஓட்டையை அடைக்கும். ஆனால் துணி தண்ணீர் குடித்தால் கனக்குமே? எடை போட்டுப் பார்த்தேன். காய்ந்தபோது நாலே முக்கால் கிலோ, நனைத்துச் சொட்டு நின்றபிறகு எட்டு கிலோ. கூரைச் சுமையில் மூன்று கிலோ சும்மா ஏறுகிறது. துணி மூச்சும் விட வேண்டும், தண்ணீரும் குடிக்கக் கூடாது. இதற்குப் பெரியவர் சொன்ன வழி இரண்டே பொருள்: பார் சோப்பு, படிகாரம்.

முறை சுலபம். சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து அதில் துணியை ஊறவைத்துப் பிழியவேண்டும். அரைக் காய்ச்சலில், படிகாரம் கரைத்த தண்ணீரில் முக்கவேண்டும். சோப்பில் இருக்கும் கொழுப்பமிலமும் படிகாரத்தில் இருக்கும் அலுமினியமும் இழைக்குள்ளேயே சந்தித்து, தண்ணீரில் கரையாத மெழுகு மாதிரி ஒரு பொருளாக அங்கேயே படிந்துவிடுகின்றன. இழையின் மேல்தான் படிகிறது. இழைக்கும் இழைக்கும் நடுவிலுள்ள சந்து திறந்தே இருக்கிறது. அதனால் ஆவி வெளியே போகும், துளி உள்ளே வராது. பவுடர் டிடர்ஜென்ட் இதற்கு உதவாது, அதில் அந்தக் கொழுப்பமில உப்பு கிடையாது. எண்ணெயிலிருந்து காய்ச்சிய பழைய பார் சோப்புதான் வேண்டும்.

முதல் முயற்சி பாழானது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. சோப்பு கரைந்ததுமே தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பியாகித் துணி மேல் ஒட்டிக்கொண்டது. படிகாரத்தோடு சேர வேண்டிய சோப்பை அதற்கு முன்பே தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு பிடித்துக்கொண்டுவிட்டது. இரண்டாவது தடவை மாடியில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரில் செய்தேன். ஒரு கஜத் துண்டை நான்கு மூலையும் கட்டித் தொட்டில் போலத் தொங்கவிட்டு ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் தாளில் மூன்று சொட்டு. துணிக்குள் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. கையால் அசைத்ததும் உருண்டது.

தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் எத்தனை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறோம்! அது ஏன் ஒட்டுவதில்லை என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்த்லோட்டும் நைன்ஹூயிஸும் 1997-ல் நுண்ணோக்கிப் படங்களோடு விளக்கினார்கள். இலைமேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம், அதன் மேல் மெழுகு. துளி மேட்டு நுனிகளில் மட்டும் உட்கார்ந்து உருண்டு போகிறது. என் கித்தானிலும் நெசவு ஒரு மேடுபள்ளம், படிகாரச் சோப்பு ஒரு மெழுகு. தாமரை அளவுக்கு இல்லை, ஆனால் அதே குடும்பம்.

இந்தச் சந்தோஷத்தோடு ஞாயிற்றுக்கிழமை காளஹஸ்திக்குப் போனேன். வேறு வேலையாகத்தான். ஒரு கலம்காரிப் பட்டறையில் எட்டிப் பார்த்தபோது மூலையில் ஒரு தட்டு நிறைய அதே படிகாரம்! காளஹஸ்திக் கலம்காரியில் சிவப்பு வருவதே அதனால்தான். முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்து ஊறவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் மூங்கில் பேனாவின் மை பரவாமல் கோடு கோடாகவே நிற்கிறது. கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் புளிக்க வைத்த நீர். சிவப்பு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் படிகார நீரைத் தீட்டுகிறார்கள். அப்போது அங்கே எதுவும் தெரியாது, வெறும் ஈரம். சாயத் தண்ணீரில் வேகவைத்து எடுத்தால், படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கிறது, தொடாத இடத்தில் சாயம் பிடிப்பதில்லை. பிறகு ஓடும் தண்ணீரில் அலசல். அதற்குப் பொன்முகலி ஆறு. ஜொன்னலகட்டா குரப்பா செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ வாங்கித் தந்தது இந்தத் துணிக்கலைதான்.

ஒரே அலுமினியம். பருத்தியையும் சாயத்தையும் சேர்த்துப் பிடிப்பது காளஹஸ்தியில், பருத்தியையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடிப்பது என் மாடியில். நாவிதர் சவரக் காயத்தில் தேய்ப்பதும், கலங்கிய குடத்துத் தண்ணீரைத் தெளிய வைப்பதும் அதே கட்டி. பட்டறையில் நின்ற பெண்மணியிடம் இதைச் சொன்னேன். “மழைக்கா? நாங்க மழை வந்தா வேலையை நிறுத்திடுவோம் அண்ணா” என்றார்.

சாயம் ஏறிய பருத்திக்கும் கூடாரத்துக்கும் உள்ள உறவு பழையது. திப்பு சுல்தானுடைய கூடாரம் ஒன்று இன்றும் வேல்ஸ் நாட்டு பவிஸ் கோட்டையில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்த பூ வேலைப் பருத்தித் துணி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின், அப்போது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பத்தின் கைக்குப் போனது. படங்களில் அதன் சிவப்பு இன்னும் வெளிறவில்லை.

திப்புவின் தகப்பனார் ஹைதர் அலி இறந்ததே எங்கள் சித்தூர்ப் பக்கத்தில், பாசறையில்தான். நரசிங்கராயன்பேட்டையில் 1782 டிசம்பர் 7. முதுகில் ராஜபிளவை. திப்பு அப்போது மலபார்க் கரையில் போரில் இருந்தார். மகன் வந்து சேரும்வரை படைக்குத் தெரியக்கூடாது என்று சாவை மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்துப் பொக்கிஷம் போவதுபோலக் கோலாருக்கு அனுப்பினார்கள். அத்தனை ஆயிரம் பேர் சுற்றிப் படுத்திருக்க, நடுவில் ஒரு துணிச்சுவர் அந்த ரகசியத்தைக் காத்து நின்றது. மார்கழிக்கு முந்தைய சித்தூர்ப் பனி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடாரத் துணியும் விடியற்காலையில் நனைந்து கனத்துத்தான் இருந்திருக்கும்.

கார் மேல் கூடாரம் என்பதற்கும் ஒரு பருத்திக் கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் கிழக்கு ஜெர்மனியில் லிம்பாக்-ஓபர்ஃப்ரோனா ஊர்க்காரர் கெர்ஹார்ட் முல்லர், டிராபன்ட் என்ற குட்டிக் காரின் கூரைக்கு ஒரு மடிப்புக் கூடாரம் செய்தார். 26 குதிரைச்சக்தி வண்டி அது. தகடு பஞ்சமான நாட்டில் அதன் வெளி உடலைப் பருத்திக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்திய பலகையால் செய்தார்கள். அதாவது பருத்தி வண்டி, அதன் தலையில் துணிவீடு. முல்லரின் மடிப்புக் கீல் எப்படி வேலை செய்தது என்பது ஏணியோடு சேர்ந்த விஷயம், அங்கேயே சொல்கிறேன்.

நேற்று மாலை முழுத் துணியையும் படிகாரத்தில் முக்கி எடுத்துவிட்டோம். சட்டத்தின் மேல் போர்த்தி, பையன் குழாயால் மழை பெய்வித்தான். இருபது நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் மங்கலான சந்தன நிறமாக இறங்கியது, வெளியே தண்ணீர் உருண்டு போகும் நிழல் தெரிந்தது, உள்ளே தலைமயிர் நனையவில்லை. அப்புறம் அவன் உள்ளே ஏறிவந்து, “இங்க ஈரமா இருக்கா பெரியப்பா?” என்று ஒரு விரலை வைத்து அழுத்தினான். அழுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஊறியது. பிறகு இன்னொன்று. விரல் பட்டதும் வெளித் தண்ணீருக்கு உள்ளே இறங்க ஒரு வழி கிடைத்துவிடுகிறது. பழைய சாரணர்கள் நனைந்த கூடாரத்தை உள்ளிருந்து தொடாதே என்பது இதனால்தான். அந்த இடத்திலிருந்து கீழே ஓரம்வரை விரலாலேயே ஒரு கோடு இழுத்தேன். சொட்டு விழுவது நின்று, தண்ணீர் அந்தக் கோட்டின் வழியே ஒழுங்காக இறங்கி ஓரத்தில் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை பெரியவர் தையலுக்கு வருகிறார், பருத்தி நூலோடு. அடுத்த வாரம் ஏணி. அதற்குள் உங்கள் வீட்டு ஏணியில் படிக்கும் படிக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். பத்தா, பன்னிரண்டா என்பதில் எனக்கும் பையனுக்கும் இன்னும் முடிவு வரவில்லை.

(தொடரும்)