டயலில் இருக்கும் பெயர்

முதலில் டீயைக் குடியுங்கள். அந்த வாட்ச்சை இப்படிக் கொடுங்கள். ஃபேவர் லூபா, சீ சீஃப், 17 ஜுவல்ஸ். அப்பா கட்டியிருந்தது என்கிறீர்கள். சாவி கொடுத்தால் இன்னும் ஓடுகிறது. ஆனால் “இந்தக் கம்பெனி இருக்கிறதா?” என்று கேட்டீர்களே, அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

அது இரண்டு குடும்பங்களின் பெயர். ஸ்விட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில் 1737-இல் ஆபிரகாம் ஃபேவர் கடிகாரக்காரராகப் பதிவானார். லூபா குடும்பம் அடுத்த நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. 1855-இல் ஃபிரிட்ஸ் ஃபேவர் லூபா வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள, கூட்டாளிகள் சம்பந்திகளும் ஆனார்கள். 1865-இலேயே பம்பாயில் கடை விரித்துவிட்டார்கள். நம் பெரியவர்கள் வாயில் அந்தப் பெயர் நம்மூர்ப் பெயர் மாதிரி புழங்கியது அதனால்தான்.

வெறும் வியாபாரிகள் இல்லை. 1962-இல் அவர்கள் கொண்டுவந்த ‘பிவோவாக்’ வாட்ச்சுக்குள் காற்று நீக்கிய ஒரு குட்டி உலோகச் சிமிழ் இருக்கும். மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். சிமிழ் லேசாக உப்பும். அந்த மயிரிழை அசைவைப் பெரிதாக்கி ஒரு முள்ளைத் திருப்பினால், முள் உயரத்தைக் காட்டும். பேட்டரியே கிடையாது! எனக்கு அவர்கள் செய்ததிலேயே பிடித்தது இதுதான்.

1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் செய்கோ, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு குவார்ட்ஸின் விலை இறங்க இறங்க, சாவி கொடுக்கும் வாட்ச்சுகளின் சந்தை சரிந்தது. எட்டுத் தலைமுறை தாக்குப்பிடித்த குடும்பம் 1985-இல் விற்றுவிட்டது. அதற்கப்புறம் சிலர் கை மாறி, 2011-இல் டைட்டனிடம் வந்தது. விலை 20 லட்சம் யூரோ. டைட்டன் என்றால் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியது. ஆக, அந்த ஸ்விஸ் பெயரில் நமக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது!

அந்தப் பணத்துக்குக் கிடைத்தது பெயரும் அதன் பழைய கீர்த்தியும்தான். 2017-இல் 9,000 மீட்டர் வரை உயரம் காட்டும் புதிய பிவோவாக் ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே ஓடியது எட்டர்னா என்ற இன்னொரு ஸ்விஸ் கம்பெனி வழி வந்த இயந்திரம். ஆனாலும் சிமிழ் யோசனை பழைய வீட்டுச் சொத்து. அதை மறக்காமல் எடுத்ததற்கு டைட்டனைப் பாராட்டலாம். 2023-இல் பெயர் மறுபடி விலைபோனது, இப்போது எத்தோஸ் என்ற இந்திய வாட்ச் விற்பனை நிறுவனத்தின் வசம். அடுத்த ஆண்டே புது வாட்ச்சுகள் வந்துவிட்டன. கம்பெனி இருக்கிறது, ஃபேவர் வீட்டார்தான் அதில் இல்லை.

உங்களுடையதைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்து விற்பது இந்த மாடலில் ரொம்ப நடக்கிறது. உள்ளே இயந்திரத்திலும் ஃபேவர் லூபா என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியை இறுக்கித் திருகாதீர்கள். காலையில் ஒரு தடவை கொடுத்தால் போதும்.