நல்ல தண்ணீரும் நல்ல தமிழும்

தண்ணீருக்கு நம் நிகண்டுகள் எத்தனையோ பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வாழ்வோருக்கு அவ்வளவும் வேண்டுவதில்லை. அவர்கள் அறிந்த தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணீர், சவர்த் தண்ணீர். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஒரு வளவின் மதிப்பையும், ஒரு பெண்ணின் அன்றாட உழைப்பையும், ஒரு குழந்தையின் உடல்நலத்தையும் இவ்விரு சொற்களே பெரிதும் தீர்மானித்து வந்திருக்கின்றன. குடத்தோடு நடந்த கால்களின் கணக்கைச் சரித்திர ஆசிரியர் எவரும் எழுதி வைக்கவில்லை.

இத்தீவுகளில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே முதல். அந்த மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானதல்லவா? தீவின் நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் கிடக்கும் இதனை நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. 1880களின் இறுதியில் கைபன் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஹெர்ட்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்ட உண்மை இது. வேலணைக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டிவிட்டு ஒல்லாந்தர் கப்பலேறி ஒரு நூற்றாண்டு ஆகும் தறுவாயில், வேறோர் ஒல்லாந்தர் நம் கிணற்றின் இரகசியத்தை வெளியிட்டது வேடிக்கைதான்!

அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றும். இயந்திரம் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள சவர் நாளடைவில் 40 அடி மேலேற இடமுண்டு. மணலில் சிறு பள்ளமாகப் பூவல் தோண்டி, ஊறியதை மட்டும் சிரட்டையால் அள்ளிய நம் பாட்டிமார் சூத்திரம் எதுவும் படித்தவரல்லர். ஆயினும் அதன்படியே ஒழுகினர்.

சவர்த் தண்ணீர் நாவுக்கு மட்டும் பகையா, உடலுக்கும் பகையா? வங்காளதேசத்தின் கரையோரத்திலுள்ள டாக்கோப் என்னும் பகுதியில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. குடிநீர் வழியாகவே அளவுக்கு மிஞ்சிய உப்பு அங்குள்ள கர்ப்பிணிகளின் உடலிற் சேர்வதையும், நீர் உவர்க்கும் வறட்சிக் காலத்தில் அவர்களிடையே உயர் குருதியமுக்கம் மிகுவதையும் அது காட்டியது. அந்தக் கணக்கை அப்படியே நெடுந்தீவின்மேல் ஏற்றிவிடுதல் தகாது. ஆனால் அந்தக் கேள்வியை இங்கே கேளாதிருத்தலும் தகாது. நெடுந்தீவுப் பெண்ணுக்கு இது இரட்டைப் பாரம். பேற்றிற் சிக்கல் நேர்ந்தால் குறிகட்டுவான் வரை கடலைக் கடந்து, அதன்பின் தரைவழியே யாழ்ப்பாணம் சேரவேண்டும். கடல் பொங்கும் நாளில் அந்த வழியும் இல்லை.

இன்னொன்று. கொதித்தாறிய நீரே குடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திற் படித்தோம். வாந்திபேதிக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் அது சரியான காப்பு. நயினாதீவில் ஆனி மாத உற்சவத்துக்குத் திரளும் அடியார்கள் இந்த விதியைக் கைக்கொள்வது நன்று; அது வறட்சி மாதமுமாகும். ஆனால் கொதிக்க வைத்தால் உப்பு போகாது. நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் உப்பு செறியும். நைத்திரேற்றும் அவ்வாறே. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகளில் உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980கள் முதல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி வருகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைக் கடந்த நீரிற் பால்மா கரைத்தூட்டினால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். இதை அறியாத தாய், அக்கறையோடு நெடுநேரம் கொதிக்க வைத்தே அந்த நீரை ஊட்டுவாள்.

யாழ்ப்பாணத்தில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றிற்று. 1978இல் மருத்துவபீடம் வந்தது. அங்கே சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர் செ. சிவஞானசுந்தரம். இலக்கிய அன்பர்களுக்கு அவர் 'நந்தி', 2005இல் மறைந்தவர். 'மலைக்கொழுந்து' நாவலில் தேயிலைத் தோட்டத்து வாழ்வைக் காட்டிய அதே கை, ஆய்வு பயிலும் மருத்துவ மாணவருக்கு ஆங்கிலத்தில் வழிகாட்டி நூலும், தாய்மாருக்கு 'நந்தினி உன் குழந்தை' போன்ற தமிழ் நூல்களும் எழுதியது. இவற்றை அவருடைய பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. நோயின் வேர் வீட்டிலும் கிணற்றடியிலும் இருக்கிறது என்று கற்பித்தவர், அந்த வீட்டின் மொழியில் எழுதாமல் வேறென்ன செய்வார்?

அவருக்கும் முன்னே ஒருவர் இந்த வழியிற் சென்றார். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வைத்தியஞ் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். மாணவர்க்குச் சுதேச வைத்தியன் என்ற சிறு மதிப்பே கிட்டும், அரசாங்க உத்தியோகம் எட்டாது என்ற எதிர்ப்பு இல்லாமலில்லை. அவர் பின்வாங்கவில்லை. 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் பிறந்தன. கலைச்சொல்லுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்கும்போது, நம் காலத்துச் சாக்குப்போக்குகள் எனக்கு வியப்பூட்டுகின்றன.

இன்று நம் நீரைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை ஆங்கிலச் சஞ்சிகைகளில் வெளியாகின்றன. உலக அறிஞர் அவையில் ஏற அது வேண்டியதே, குறை கூறேன். போத்தலில் நீர் எடுத்துச் செல்ல இடங்கொடுத்த வீட்டுக்காரிக்கும் அந்த முடிவில் ஒரு பங்கு உண்டு என்றுதான் சொல்கிறேன். உவர்நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்பர். 2024இல் தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் குடாநாட்டுக்கெனத் திறக்கப்பட்டது. நல்லதே. இயந்திரம் பழுதாகும் நாளிலும், படகு ஓடாத நாளிலும் தீவு மக்கள் திரும்பிப் போவது தங்கள் கிணற்றுக்குத்தான்.

ஆகையால் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆய்வேட்டின் பின்னே, குடும்பநல உத்தியோகத்தர் கையிற் கொண்டு செல்லத்தக்க ஒரு பக்கம் தமிழில் இருக்கட்டும். பரிசோதித்த கிணற்றின் கட்டிலே ஒரு சிறு பலகை தொங்கட்டும். அதிலே மாதத்தையும் உப்பின் அளவையும் எழுதி, அதன் கீழே, 'தைமாதம் வரை குடிக்கலாம். சித்திரையில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வேண்டாம்' என்றாற்போல, அக்கிணற்றுக்குப் பொருந்திய ஒரு வரி தமிழில் எழுதினாற் போதும்.